முனியாண்டி கோயில் செம்புச் சுருள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் சூலத்தில் தொங்கும் மணிகளெல்லாம் பளபளக்கும். நடுவே விரல் நீளச் செம்புச் சுருள் ஒன்று மட்டும் கருத்துக் கிடக்கும். வெள்ளிதோறும் புளி போட்டு மணிகளைத் துலக்கும் பூசாரி அதைத் தொடமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தோட்டப் பள்ளியில் தமிழ் படிப்பித்தேன். உயர்தர விஞ்ஞான வகுப்புக் கேட்டு எழுதியிருந்தோம். நுவரெலியாவிலிருந்து அதிகாரி வந்து, ஒரு செய்முறையாவது பார்த்த பிறகுதான் அனுமதி. கிடைக்காவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். பூசாரியின் மகளும் அவர்களில் ஒருத்தி.

விஞ்ஞான மாஸ்டர் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர். சூடேற்றிய செம்பைச் சாராய ஆவியில் பிடித்தால் அது ஹைட்ரஜனைப் பிரித்துவிடும், அந்த ஹைட்ரஜன் காற்றோடு சேரும் சூட்டில் செம்பு அணையாமல் கனலும் என்றார். பள்ளியில் சொட்டு ஸ்பிரிட் இல்லை. பூசாரிதான் முனியாண்டிக்குப் படைத்த சாராயப் போத்தலைக் கொடுத்தார். சுருட்டிப் பிடித்த செம்புக் கம்பி கனலவே இல்லை. மாஸ்டர் கம்பியைத்தான் குற்றம் சொன்னார்.

"வழுவழுன்னு இருந்தா பத்தாதுங்க டீச்சர். சொரசொரப்பு வேணும்."

தேயிலைக்கு மருந்தாக அடிக்கும் செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கரைத்து, என் ரேடியோ பேட்டரிகளைப் பிடுங்கி மின்சாரம் விட்டு, இன்னொரு சுருளின்மேல் பாசி படர்ந்ததுபோல் செம்பை ஏற்றினார். ரேடியோவில் பாட்டுக் கேட்க முடியாத அந்த வாரம் முழுக்க நான் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அதிகாரி வந்த அன்று புதுச் சுருள் ஒரு கணம் சிவந்து அணைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. அதிகாரி பேனாவை மூடினார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது சன்னலோரம் நின்ற பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, மாஸ்டர் மேல குத்தமில்லீங்க. படைச்ச போத்தல்ல பாதிய நான் குடிச்சிருவேன். சாமிக்குத் தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வைப்பேன். வருசக்கணக்கா இதாங்க வழக்கம்."

அவர் மடியிலிருந்து தண்ணீர் கலக்காத சாராயக் குப்பி ஒன்று வெளியே வந்தது. எங்கே காய்ச்சியது என்று அதிகாரி கேட்கவில்லை, நல்ல மனிதர். பழைய கம்பி அதிலும் அணைந்துபோனது. மாஸ்டரின் சுருள் கனன்றுகொண்டே இருந்தது.

"இனிமேலாவது சாமிக்கு ஒழுங்கா ஊத்துங்க" என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டரே சுருளைக் கொண்டுபோய்ச் சூலத்தில் கட்டினார். சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் கட்டினார். சில வருடங்களில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்.

பூசாரியின் மகள் இன்று அதே வகுப்பில் இரசாயனம் படிப்பிக்கிறாள். அந்தச் சுருளை மட்டும் ஏன் துலக்குவதில்லை என்று போன வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கேட்டேன்.

"புளிய எடுத்தேன் டீச்சரம்மா. மக வந்து கையப் புடிச்சிருச்சு. 'சொரசொரப்புப் போயிரும்ப்பா, நான் படிச்சதே அதாலதான்'னுச்சு."