தைரியராஜ் மருந்து அடிக்காத செடி

புவனகிரியில் பூச்சி மருந்தும் விதையும் விற்கும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடங்களாக மருந்துப் பக்கம் வேலை பார்ப்பவர் தைரியராஜ். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பது அவருக்கு ஜெபங்களைவிட நன்றாக மனப்பாடம். உயிரோடிருக்கும் பூச்சியை உற்றுப் பார்க்கத்தான் நேரம் வாய்த்ததில்லை.

சிதம்பரத்தில் குடியிருந்த மாடி வீட்டில், மனைவி வியாகுலமேரி தொட்டியில் ஒரு எலுமிச்சை வளர்த்தார். இலையெல்லாம் காக்கா எச்சம், துடையுங்கள் என்றார் ஒருநாள். ஈரத்துணியோடு போன தைரியராஜ் கை வைத்ததும் எச்சம் நகர்ந்தது. சீண்டினார். அது தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, அழுகிய பழ வாடையை அவர் மூக்கில் அடித்தது.

இரண்டடி பின்வாங்கினார். தான் விற்ற எந்த மருந்தும் இவ்வளவு சுருக்காக வேலை செய்ததில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மருந்து கொண்டுவருவதாகச் சொன்னார், கொண்டுவரவில்லை. அதற்கடுத்த நாள் மறந்துவிட்டது என்றார். இதற்குள் புழு தோலை உரித்துப் பச்சையாகி, சுண்டுவிரல் தடிமனுக்குக் கொழுத்து, செடியை மொட்டையடித்தது. மருந்துக் கடைக்காரர் வீட்டுச் செடியைப் பார் என்று கீழ்வீட்டு அமிர்தம் சிரித்ததைத்தான் வியாகுலமேரியால் தாங்க முடியவில்லை.

பிறகு அது தீனியை நிறுத்தி, குச்சியில் சாய்ந்து, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கூடு கறுத்து உள்ளே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. பூசைக்கு நேரமாயிற்று. தைரியராஜ் எழவில்லை.

"கோயில்ல பத்து நிமிஷம் உக்காந்தா முதுகு வலிக்குதுன்றீங்க. இங்க ரெண்டு மணி நேரமா குந்திக்கினு இருக்கீங்க."

"சாமி எங்கயும் போவமாட்டாரு மேரி. இது போயிடும்."

திட்ட வாயெடுத்த வியாகுலமேரி அப்படியே நின்றார். கூடு பிளந்தது. கசங்கிய துணிபோல வெளியே வந்து தொங்கியது, மெல்ல மெல்ல இறக்கையாக விரிந்தது. கறுப்பில் மஞ்சள் தெளித்த எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி. தைரியராஜ் விரலை நீட்டினார். ஏறி உட்கார்ந்து, அதில் ஒரு சொட்டு கழிந்துவிட்டுப் பறந்தது. கட்டிய பட்டுப்புடவையோடு வியாகுலமேரியும் அன்று பூசைக்குப் போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒருவர் எலுமிச்சைப் புழுவுக்கு மருந்து கேட்டு வந்தார். ஸ்டாக் இல்லை, செடி தானாகத் துளிர்க்கும், விட்டுவிடுங்கள் என்றார் தைரியராஜ். மருந்து அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று வரிசையில் நின்றது. முதலாளி ஞானசேகரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து நீங்க விதை பக்கம் நில்லுங்க," என்றார், ஆள் போனதும்.

இப்போது தைரியராஜ் விதைநெல்லும் விதை உளுந்தும் விற்கிறார். சட்டையில் மருந்து வாடை போனதில் வியாகுலமேரிக்குத் தனி நிம்மதி. அதைப் புழுவின் கணக்கில் சேர்க்க மட்டும் இன்றுவரை மனசில்லை.