அன்புராஜுக்குக் கிடைச்ச பட்டை

என் வூட்டுக்காரரு அன்புராஜைப் பத்தி நல்ல விதமா ஏதாச்சும் சொல்லுன்னா, குடியை வுட்டாருன்னுதான் முதல்ல சொல்லுவேன். எங்க கரிக்கலாம்பாக்கம் பக்கம் சாராயக்கடையைத் தேடிப் போவ வேணாம், வேலை வுட்டு வர்ற வழியிலேயே நிக்கும். "இன்னொரு வாட்டி வாயில வெச்சே, புள்ளைங்களை இட்டுக்கினு மடுகரைக்கு அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்"னு சொல்லியிருந்தேன். சும்மா மிரட்டல் இல்ல, நெசமாத்தான் சொன்னேன்.

வுட்ட மனுஷனுக்குச் சாயந்தரமானா கையும் ஓடல, காலும் ஓடல. வயலை பிளாட் போட்ட பக்கம் ஒரு மாடியில ஜியு ஜிட்சுன்னு கட்டிப் புரண்டு சண்டை கத்துத் தர்றாங்க, அதுல சேர்ந்தாரு. "இந்த வயசுல இன்னாய்யா குஸ்தி?"ன்னு சிரிச்சேன். வெள்ளை டிரஸ், வெள்ளை பெல்ட்டு. வரும்போது கழுத்துல கீறல், காதுல வீக்கம். குடிச்சிட்டு விழுந்தப்பவும் இப்படித்தானே வருவாரு? சந்தேகம் வராம எப்படி இருக்கும்!

ஒருநாள் வாசல்ல நின்னு போன்ல கூடக் கத்துக்கிறவர்கிட்ட பேசறாரு. "மரியதாசு, மாஸ்டர் உனக்குப் போன வாரமே பட்டை குடுத்துட்டாரு. இன்னிக்கு எனக்கும் உண்டுடா!"

பட்டைன்னா பட்டைச் சாராயம், வேற இன்னா? அடப்பாவி! மாஸ்டர்னு ஒருத்தன் ஊத்திக் குடுக்கிறான், இவரு வரிசையில நிக்கிறாரு. கையும் களவுமா பிடிக்கணும்னு பின்னாடியே கிளம்பினேன்.

மாடியேறிப் பாத்தா, மாஸ்டர் ராஜ்மோகன் இவரு பெல்ட்டு முனையில தெச்சிருந்த கருப்புத் துணி மேல வெள்ளை டேப்பைச் சுத்தறாரு. எல்லாரும் கை தட்டறாங்க. அப்பவும் நான் நம்பல. விடுவிடுன்னு உள்ள போயி, "வாயைத் திற, ஊதுய்யா"ன்னேன்.

கை தட்டல் நின்னுபோச்சு. அத்தினி பேர் முன்னால ஊதினாரு. சாராய வாடையே இல்ல.

"எதுக்கு மாஸ்டர் இந்த டேப்பு?"ன்னு இழுத்தேன்.

"இதுதாம்மா பட்டை. நாலு வாங்கினா அடுத்து நீல பெல்ட்டு. இதுக்குப் பரிட்சை வெக்கிறதில்ல. ஒழுங்கா வர்றாரா, கழுத்தை இறுக்கினா வீம்பு பண்ணாம தரையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கிறாரா, மறுபடி எழுந்து வர்றாரான்னு பாத்துக்கினே இருப்பேன். நம்பிக்கை வந்துதுன்னா சுத்திடுவேன்."

தெருவுக்கு இறங்கி வந்து வண்டியை எடுக்கறப்ப இவரு சொன்னாரு.

"அவரு கண்ணால பாத்தே நம்பிட்டாரு காசம்மா. உனக்கு மோந்து பாக்க வேண்டியிருக்கு."