செக்போஸ்ட்டில் வெந்த சோறு

காலை ஏழு மணி. ஸ்ரீவைகுண்டத்தில் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்த அலுப்பில், தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்தைப் பார்த்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதியே தீருவதென்று பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம்; டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு.

பக்கத்து இருக்கையில் சுடலைமுத்து என்ற விவசாயியும் அவர் மனைவி வள்ளியம்மாளும். அவர் மடியில் புது வெண்கலப் பானை, அவள் மடியில் அரிசிப் பை. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் சுடலைமுத்துவின் தங்கை குழந்தைக்கு அன்று உச்சிக்குள் சோறூட்டு. தாய்மாமன் மடியில் வைத்து, தாய்மாமன் வயல் அரிசியை ஊட்ட வேண்டும்.

"ரெண்டு படிதான் டீச்சர். எங்க வயல்ல வெளஞ்சது" என்றார் சுடலைமுத்து, நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதைக் கேட்டறிந்த பிறகு.

எட்டு மணிக்குத் தாலுகா எல்லையில் செக்போஸ்ட். அந்த வருடம் நெல்லும் அரிசியும் தாலுகா தாண்டக் கூடாது. அரசாங்கத்துக்கு அளந்தது போக மிச்சத்தையும் விளைவித்தவன் ஊருக்குள்ளேயே வைத்துத் தின்ன வேண்டும். நாட்டுக்கே சோறு போடும் கொள்கையாம், நல்லாத்தான் இருக்கிறது! குமாஸ்தா ஏறி, பையைப் பிடுங்கினார்.

"எறக்கு. அரிசி போவக் கூடாது."

"பிள்ளைக்குச் சோறூட்டுய்யா. கும்பிடுதேன்" என்று கெஞ்சினார் சுடலைமுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் வள்ளியம்மாள் எழுந்துவிட்டாள்.

"எதுக்கு அவரைக் கும்பிடுதிய? ஏன்ய்யா, அரிசிதானே போவக் கூடாது? சோறு போவலாம்லா?"

குமாஸ்தா விழித்தார். "சோத்துக்கு உத்தரவு ஒண்ணும் வரல."

"அப்பம் இங்கனயே பொங்குதேன்."

பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கி, மூன்று கல்லைக் கூட்டினாள். சீருக்கு வாங்கிய பானை அடுப்பேறியது. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்து, "வண்டி சூடாயிட்டு, ஆறுனாத்தான் எடுப்பேன்" என்றார். வண்டி அதுவரை ஜோராகத்தான் ஓடியது! பயணிகள் அடுப்பெரிக்க உடைமரத்து முள் பொறுக்கினார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொறுக்கினேன். கையில் முள் ஏறியது; ஏறட்டுமே.

"மேலதிகாரி வந்தா எஞ்சோலி போயிரும்" என்று குமாஸ்தா புலம்பினார்.

"உமக்கும் ஒரு வாய் போடுதேன், தின்னும்" என்றாள் வள்ளியம்மாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோறு பானையோடு பஸ் ஏறியது; பத்தரைக்குத் தூத்துக்குடி. என்னையும் விடாமல் கூட்டிப்போனார்கள். குழந்தை முதலில் முகம் சுளித்தது, பிறகு தானே வாயைத் திறந்தது. சுடலைமுத்து சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அந்தச் சோற்றில் ஓர் இலைப்பொட்டலம் கட்டித் தந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி, துறைமுகம். வெளிநாட்டுக் கப்பலிலிருந்து கோதுமை மூட்டை மூட்டையாக இறங்கி, லாரி லாரியாக வெளியேறியது.

"இதை எங்கே நிறுத்திச் சோதிப்பார்கள்?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "கப்பல்ல வாரதை யாரும்மா நிறுத்துவா?"

துறைமுகத்தின் அழகை எழுதத்தான் வந்தேன், எழுத மனமில்லை. கடல் தாண்டி வருவதற்கு வழிவிட்டு, தங்கை வீட்டுக்குப் போகும் இரண்டு படியை மறிக்கும் கொள்கையை மாற்றித்தான் ஆக வேண்டும். அது நடக்கும்வரை இதையேதான் எழுதுவேன், யாருக்குக் கசந்தாலும் சரி.

மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பஸ்ஸை அதே குமாஸ்தா நிறுத்தினார்.

"பையில என்ன?"

"சோறு. இங்கே வெந்ததுதான். உங்களுக்கு ஒரு வாய் பாக்கி இருக்கிறதே" என்று இறங்கி, பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நின்றபடியே சாப்பிட்டார். கரியேறிய மூன்று கல்லும் வைத்த இடத்திலேயே கிடந்தன.

"இதை ஏன் இன்னும் எடுக்கவில்லை?"

"கெடக்கட்டும் டீச்சர்" என்றார், கையை உதறிக்கொண்டே. "நாளைக்கும் யாராவது வருவாவ."