பெய்யாத மூன்று மில்லிமீட்டர்

நான் வேலை பார்க்கும் அலுவலகம் கழக்கூட்டத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் இருக்கிறது. வானிலை சொல்லும் சின்ன நிறுவனம். கட்டட வேலை நடத்துகிறவர்கள், படகு விடுகிறவர்கள், திறந்தவெளியில் கல்யாணப் பந்தல் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு இடிமழை வரும் என்று காலையிலேயே எழுதி அனுப்புவார்கள். நான் பெருக்கித் துடைக்கவும் டீ போடவும் சேர்ந்தவள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. சேர்ந்த இரண்டாம் மாதம் இன்னொரு வேலையும் என் கைக்கு வந்தது. தினமும் காலை எட்டரைக்கு மொட்டை மாடிக்குப் போய் மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். யாரோடும் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்த நோட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பவர் மேடம்; இடிமழை வருமா என்று எழுதுவது அவர்தான். முப்பது வயதைத் தாண்டியிருக்காது. வலியசாலை அக்ரகாரத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். என் எண்ணுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டம் உண்டு. முந்தின நாள் தான் சொன்னது நடந்ததா என்று அதில் எழுதுவார். சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. யாரும் அவரைக் கேட்பதில்லை. முதலாளிகூட அந்த நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. தன் தப்பைத் தானே மையால் எழுதி வைக்கும் ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மார்ச் கடைசியிலிருந்து மே வரைதான் அவருக்குக் கஷ்டமான காலம். காலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். மத்தியானம் கிழக்கே மலைப் பக்கம் வெள்ளையாக மேகம் பொங்கி எழும்பும். மேலே கிழக்குக் காற்று பலமாக இருந்தால் அது இடியோடு ஊருக்குள் வரும். இல்லாவிட்டால் நெடுமங்காட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே ஒருத்தர் குடை பிடித்துப் போக, ஒரு பஸ் நிறுத்தம் தள்ளி ஒருத்தர் துணி உலர்த்துவார். இதைக் காலை ஒன்பதரைக்குச் சொல்ல வேண்டும்.

எழுதியதை அனுப்புமுன் மேடம் எனக்கு ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டுவார். "நீங்க டீயை வெச்சுட்டு சித்த நில்லுங்கோ அக்கா. உங்களுக்கு மனசிலாச்சுன்னா சைட்டுல இருக்கறவாளுக்கும் மனசிலாகும்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். புரியாவிட்டால் ஆட்டமாட்டேன். உடனே அந்த வரியை மாற்றிவிடுவார்.

என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஒரு சைட்டில்தான் கம்பி கட்டுகிறார் என்பதை நான் மேடத்திடம் சொன்னதில்லை. அலுவலகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பதினோரு மாடி எழும்பியாயிற்று. மேலே கூரை கிடையாது, சுற்றிலும் இரும்புக் கம்பிதான். ஊரில் ஒருமுறை அவர் கம்பியைக் கையில் பிடித்திருந்தபோது பக்கத்துத் தென்னையில் இடி விழுந்து, இரண்டு நாள் வலது கை மரத்துக் கிடந்தது. சோறு நான்தான் பிசைந்து கொடுத்தேன். அதனால் மேடம் மின்னல் என்று எழுதும் நாளில் எனக்கு ஒரு நிம்மதி. செய்தி போனால் மேலே இருப்பவர்களைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

போன ஏப்ரலில் ஒரு வாரம் மேடத்துக்குத் தொடர்ந்து தப்பியது. திங்கட்கிழமை மின்னல் என்று எழுதினார். நெடுமங்காட்டில் பெய்தது, இங்கே இல்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை மூன்றாவது தடவையாக ஆட்களை இறக்கினார்கள். வெயில் காய்ந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "ஏட்டி, ஒங்க மேடத்துக்கு மழ மேல என்ன கோவம்? எல்லாப் பயலும் என்னய இடி மாப்ளன்னு கூப்பிடுதான். 'இடி மாப்ள, நாளைக்கு எத்தன மணிக்கு எறங்கணும், உம்ம வீட்டம்மாட்ட கேட்டுச் சொல்லும்'ங்கான்."

"நீங்க எறங்குனீங்களா இல்லையா?"

"எறங்குனோம். இனிமே எறங்க மாட்டோம். ஒங்க ஆபீசு நோட்டுல காலைல மழ இல்லன்னு வந்துச்சுன்னா, இனி அந்த மெசேஜப் பாத்து வேலய நிறுத்தப்போறதில்லன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

சைட் மேனேஜர் மலையாளி. தினமும் ஒன்பது மணிக்கு மேல் அலுவலகத்துக்குப் போன் செய்து "எத்ர?" என்று ஒரே வார்த்தையில் எங்கள் மழை அளவைக் கேட்பார். அடுத்த நாள் காலை அவருக்கு என்ன பதில் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ஒரு சொட்டு விழவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மாடி ஏறினேன். மழைமானியின் புனலுக்குள் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அடியில் குப்பி காய்ந்து கிடந்தது. நான் நோட்டைத் திறந்து 3.2 என்று எழுதினேன். மூன்று என்று மட்டும் எழுதினால் பொய் மாதிரி தெரியும் என்று புள்ளி இரண்டு சேர்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மேடம் நோட்டைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "மூணு புள்ளி ரெண்டா? எங்கேந்து வந்துது இது? நான் ஆத்துக்குப் போனப்புறமா?" என்று கேட்டுக்கொண்டே முந்தின நாள் மேகப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அரைமணி நேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் எழுதியதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் பக்கம்தான் ஏதோ தப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

டீ கொண்டுபோனபோது முகம் தெளிந்திருந்தது. "அக்கா, இப்போதான் பிடிகிட்டித்து. நேத்திக்கு இடியே இல்லை, ஆனா மழை விழுந்திருக்கு. அப்போ மேகம் உசரப் போறதுக்கு முன்னாடியே இங்கே சாரலா உதுந்துடறது. இன்னிக்கும் கிட்டத்தட்ட அதே காத்தாக்கும். காலம்பற நான் மின்னல்னு எழுதி வெச்சது ஜாஸ்தி." அந்த வரியை அழித்துவிட்டு வாசித்தார்: "பிற்பகலில் லேசான சாரல். வேலையைத் தொடரலாம். மனசிலாச்சா அக்கா?"

நான் தலையை ஆட்டவில்லை.

"என்ன, புரியலையா?"

மாடிக்கு ஓடினேன். புனலை வலை கிழியாமல் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தேன்.

"மேடம், நேத்து மழ பெய்யல."

"பின்னே?"

"நானா எழுதினது."

அவர் அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சிலந்தி அசையாமல் இருந்தது. "ஏன் அக்கா?" என்று கேட்ட குரலில் கோபம் இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், மேனேஜர் என்ன சொன்னார் என்று அப்போதுதான் சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தப்பினது எங்கேன்னு இந்த நோட்டுதான் சொல்றது. அதை நீங்க மாத்திட்டா எனக்குக் கண்ணு தெரியாது அக்கா" என்றார். பிறகு 3.2ஐ ஒரே கோட்டால் அடித்தார். அடித்தாலும் எண் தெரியும்படி அடித்தார். பக்கத்தில் 0.0 என்று என்னை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். தன் கட்டத்தில் 'தவறு' என்று எழுதினார். அழித்த மின்னலைத் திரும்ப எழுதினார். மேனேஜர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் தானே போன் போட்டார்.

"சாறே, இந்நலெயும் இவிடெ மழையில்ல. ஞான் பறஞ்ஞது தெற்றிப்போயி" என்று, நேற்றும் தான் சொன்னது தப்பாகிவிட்டதை முதலில் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. இவர் நிறுத்தவில்லை. இன்று மேல்காற்று கிழக்கிலிருந்து கொஞ்சம் கூடியிருக்கிறது, இரண்டரை வாக்கில் இடி வரும் என்று நினைக்கிறேன், நேரம் தவறலாம், ஆனால் ஒன்றரையிலிருந்து மேலே ஆள் நிற்க வேண்டாம் என்றார்.

"நாளெயும் தெற்றிப்போயின்னு விளிச்சுப் பறயுமோ?" என்று அவர் குத்தலாகக் கேட்டார். நாளைக்கும் தப்பினால் இப்படிக் கூப்பிட்டுச் சொல்வீர்களோ என்று.

"பறயும்" என்றார் மேடம்.

மேனேஜர், ஒன்றரையிலிருந்து நாலு வரை, அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்று வைத்துவிட்டார்.

புனலை வலையோடு திரும்ப மாடியில் பொருத்திவிட்டு வந்தேன். இரண்டரைக்கு வெயில் சுட்டது. மூன்றுக்கும் அப்படியே. மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். மூன்றே காலுக்குக் கிழக்கு ஜன்னல் கறுத்தது. குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசனையோடு வந்து திரைச்சீலையைத் தூக்கியது. பத்து நிமிஷத்தில் முதல் மின்னல். கண்ணாடி அதிர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. மழையில் எதிர்க் கட்டடம் மறைந்துபோயிற்று.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலே காலுக்கு அது அடித்தது.

"ஏட்டி, எல்லாரும் கீழ பார்க்கிங்லதான் நிக்கோம். மேல கிரேன்ல விழுந்துச்சு பாத்துக்கோ, ஒரு வெளிச்சம்! வெயிலப் பாத்துட்டு மேல ஏறச் சொல்லத்தான் இருந்தாரு நம்ம மேனேஜர். அவரே இப்ப எங்ககூடத்தான் நிக்காரு."

"நீங்க?"

"எனக்கென்ன, இடி மாப்ளன்னு இப்ப மரியாதயாக் கூப்பிடுதானுவ."

மேடத்திடம் போய், "எறங்கியிருந்தாங்க மேடம். எல்லாரும்" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு முதல் மின்னல் விழுந்த நேரத்தை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மழைமானியில் வலை இல்லை. தண்ணீரை மூன்று தடவையாக ஊற்றி அளந்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, 27.4 என்று எழுதினேன். மேடம் தன் கட்டத்தில் பெரிதாக 'சரி' என்று போடுவார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் குறித்து வைத்திருந்த துண்டுத் தாளை எடுத்துப் பார்த்து எழுதினார்: 'மழை சரி. மின்னல் சரி. நேரம் தவறு. ஒரு மணி நேரம் பிந்தியது.'

"நேத்தைக்குமா மேடம் தவறுன்னு எழுதணும்?" என்றேன்.

"நேத்திக்கும் தப்பினது தப்பினதுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு, பிந்தியதற்கு என்ன காரணம் என்று பழைய படங்களைத் திறக்க ஆரம்பித்தார்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. அவர் திரையிலிருந்து திரும்பாமலே அதை என் பக்கம் நீட்டினார். நான் அலுவலகப் போனில் பேசுகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். வாங்கிக் காதில் வைத்தேன்.

"எத்ர?" என்றது அந்தக் குரல்.

நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். "இருபத்தேழு புள்ளி நாலு."