மூன்று வலைக்கு அடியில்

செய்தி வந்தபோது நான் ரசாயனக் கூடத்தில், பீக்கரை உடைத்த மாணவி ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் கோவிந்தண்ணன் வந்து நின்றார். தாவரவியல் ஆசிரியை தையல்நாயகியின் அண்ணன் அவர். திருவொற்றியூர்க் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருப்பவர். அதுவரை கல்லூரி வாசற்படி ஏறாதவர். அவர் ஏறி வந்திருப்பதைப் பார்த்ததுமே திட்டுவதை நிறுத்தினேன்.

"தையலு பூட்டா, லலிதாம்மா," என்றார். "வெடியக்காத்தால இங்க வந்து இன்னாவோ எலய அறுத்துட்டு வூட்டுக்கு வந்தா. மாரு அடைக்குதுன்னு படுத்தா. அவ்ளோதான். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம்."

எனக்கு அழுகை வரவில்லை. காலைப் பாதியை வெட்டிவிட்டாளே, மாலைப் பாதியை யார் வெட்டுவது என்றுதான் முதலில் தோன்றியது. இதைப் படிக்கும் உங்களில் அவளிடம் பாடம் கேட்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையலுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாயும். மலையேறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம், மழைக்காட்டின் இளஞ்செடிகள். ஒரு நாள்கூட அவள் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. வனத்துறைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட பழைய மாணவி, மலையிலிருந்து நாங்கு என்னும் காட்டு மரத்தின் கன்றுகளை மூங்கில் குழாய்களில் மண்ணோடு ரயிலேற்றி அனுப்புவாள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் கன்றுகளை இறக்கி, ராயபுரத்தில் எங்கள் கல்லூரியின் பின்புறக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதி வாடிவிடும். மிச்சத்தைக் காப்பாற்ற ரயில் கரியோடும் கடற்காற்றோடும் அவள் மல்லுக்கட்டினாள். "நான்தான் காட்டுக்குப் போவ முடியாது. காடு என்னாண்ட வரட்டுமே," என்பாள்.

இலை தடிமனாக இருந்தால் என்ன, மெல்லிசாக இருந்தால் என்ன என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். அன்று என் கேரியரில் தோசை இருந்தது. அதைக் காட்டியே விளக்கினாள். "ஒரே கரண்டி மாவு டீ. வெயில்ல நிக்கிற செடி அத்த ஊத்தாப்பமா சுடுது. நெழல்ல கீற செடி முறுகல் தோசையா இழுத்து வுடுது. கொஞ்சம் வெளிச்சம்தானே வருது? அகலமா ஏந்துனாதான் கெடைக்கும்." அப்படி மெல்லிசாக விரித்த இலையால், பெரிய மரங்களின் அடியில், ஒரு கன்று தன் வயிற்றுக்குப் போதுமான அளவு சமைத்துக்கொள்ள முடியுமா? எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் அது உயிர் பிழைக்கும்? அவள் வாழ்நாளெல்லாம் கேட்டது இது ஒன்றைத்தான்.

கேட்ட விதமும் எளிமையானது. பொழுது விடியும்போது நடுநரம்பை விட்டுவிட்டு இலையின் ஒரு பாதியைப் பிளேடால் வெட்டி எடுப்பாள். மறு பாதி பகல் முழுவதும் செடியிலேயே இருந்து வெளிச்சத்தில் வேலை செய்யும். பொழுது சாயும்போது அதையும் வெட்டி, இரண்டையும் ஒரே அளவில் நறுக்கி, உலர்த்தி, என் கூடத்துத் தராசில் நிறுப்பாள். மாலைப் பாதி எவ்வளவு கூடுதலோ, அதுதான் இலையின் அன்றைய சம்பாத்தியம். இருட்டிய பிறகு வெட்டினால் பயனில்லை. சேர்த்ததை இலை செலவழிக்கத் தொடங்கிவிடும்.

நிழலுக்கு அவள் கண்டுபிடித்த வழியைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மெச்சினோம். அண்ணனின் பழைய பருத்தி வலைகள், நெருக்கமான கண் உள்ளவை. அவற்றை மடித்து மடித்து ஒரு பாத்திக்கு ஒரு வலை, இன்னொன்றுக்கு இரண்டு, மற்றொன்றுக்கு மூன்று என்று கட்டினாள். காட்டின் அடிநிழல் மூன்று வலைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. தம்பிடி செலவில்லை.

அந்தப் பருவம் முழுவதும் வலைக்கு அடியில் இருந்த கன்றுகள் ஓரம் கருகின. வலை கூடக் கூடக் கருகலும் கூடியது. மெல்லிய இலைக்கு நிழல் ஆகாது என்று எழுதிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் முன்னால் வாசித்தாள். நானும் துணைக்குப் போயிருந்தேன். அவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் காடு எப்படி அம்மா இருக்கிறது?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் அவள் மூன்று வலைக்கு அடியில் குனிந்திருந்தபோது, வலையில் கோத்திருந்த பனிநீர் அவள் உதட்டில் சொட்டியது. உதட்டை நக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு வலையின் முனையை நீட்டினாள். "இத்த நக்கிப் பாரு."

நக்கவில்லை. சொட்டிய நீரைச் சோதனைக்குழாயில் பிடித்து, சில்வர் நைட்ரேட் ஒரு துளி விட்டேன். பாலாக வெளுத்தது. உப்பு. எத்தனையோ காலம் கடலில் ஊறிய வலை, ஒவ்வொரு விடியலிலும் கன்றுகளின் மேல் கடலைச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வலை கூடினால் உப்பும் கூடும். இலைகளைக் கருக்கியது நிழல் இல்லை.

"கடக்கரையில பொறந்து வளந்தவ," என்றாள். "வேற எவளாச்சும் இந்த வலைய கட்டியிருந்தா மொத நாளே நாறுதுன்னு மூக்கப் புடிச்சிருப்பா. எனக்கு அது எங்க வூட்டு வாசம் டீ. எப்டி தெரியும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வலைகளைக் குப்பத்துக்கு எடுத்துப்போய்த் தெருக்குழாயில் அலசினோம். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "குடிக்கவே தண்ணி இல்ல. மீன் புடிக்காத வலைக்கு இன்னாடி குளியல்?" என்றாள் ஒருத்தி. "செடி புடிக்கப் போவுது அத்தே," என்றாள் தையல். அவர்கள் சிரித்ததில் எங்களுக்குச் சில குடம் தண்ணீர் கிடைத்தது. அலசிய நீரை ஒவ்வொரு தடவையும் நான் சோதித்தேன். வெளுப்பு குழாய்த் தண்ணீரின் அளவுக்குக் குறையும்வரை அவள் விடவில்லை.

ஆனால் அதற்குள் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் படுக்கச் சொன்னார். சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும், பருவ முடிவில் கொட்டகையைக் காலி செய்யுங்கள் என்று முதல்வரம்மா சொன்னார். மலையிலிருந்து கடைசியாக ஒரு கூடை கன்று வந்தது. இந்தப் பருவத்தை விட்டால் அடுத்தது இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் படுக்கவில்லை. கன்றுகள் புது இலை விடும்வரை காத்திருந்தாள். நிழலிலேயே பிறந்த இலையைத்தான் வெட்ட வேண்டும் என்பாள். முந்திய பருவத்தில் காலைப் பாதியை வெட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "சாயந்தரம் நான் வரலன்னா நீ அறுத்துடு," என்று சொல்லிவிட்டுப் போவாள். சொல்வாளே தவிர, வராமல் இருந்ததே இல்லை.

இந்தக் கடைசிக் கன்றுகளை வெட்டத் தொடங்கிய முதல் நாளே போய்விட்டாள்.

குப்பத்துக்குப் போனேன். அவளைக் கடலைப் பார்க்கக் கிடத்தியிருந்தார்கள். விரல் நுனியில் இலைச்சாற்றின் கறை அப்படியே இருந்தது. யாரும் அதைக் கழுவவில்லை. பறைச் சத்தத்தில் என்னால் யோசிக்கவே முடியவில்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. எடுப்பதற்கு நேரமாயிற்று. உறவுக்காரர் ஒருவர் எண்ணூரிலிருந்து வரவேண்டுமாம். நான் அவளுக்காக அழுவதை விட்டுவிட்டு, கூரைகளின் நிழல் மணலில் நீள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே என்று அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

ஆண்கள் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் நான் எழுந்தேன். ஓர் அம்மாள் என் கையைப் பிடித்தாள். "சாவு வூட்லேர்ந்து தல முழுவாம எங்க போறே?" குளித்துக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். கையை விடுவிக்கப் பார்த்தேன். மூலையில் சுருண்டு கிடந்த தையலின் அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அவள வுடு. அந்த எலய அறுக்கலன்னா எம் பொண்ணு வேகமாட்டா."

பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் ஊர்ந்தது. இறங்கி, பக்கத்து நடைமேம்பாலத்தின் மேல் ஏறி ஓடினேன். ஓடி எனக்குப் பழக்கமில்லை. மூச்சு வாங்கி, மார்பு அடைத்து, படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்படித்தானே அவள் ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து மீண்டும் ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்தபோது வலையின் கண்களில் கடைசி வெயில் மிச்சமிருந்தது. பாதி இலைகளோடு கன்றுகள் நின்றன. பிளேடை அவள் வழக்கம்போல் ஒரு மூங்கில் குழாயில் செருகி வைத்திருந்தாள். அவசரத்தில் ஒன்றிரண்டு கோணலாக வந்தன. என்றாலும் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

உலர்ந்த பிறகு நிறுத்தேன். வெட்டவெளிக் கன்றின் மாலைப் பாதி நன்றாகக் கூடியிருந்தது. ஒரு வலைக்கு அடியிலும் கூடியிருந்தது. இரண்டு வலைக்கு அடியில் கொஞ்சம்தான். மூன்று வலைக்கு அடியில் காலைப் பாதியும் மாலைப் பாதியும் ஒரே எடை. தராசின் முள் நடுவில் நின்றது. திரும்பத் திரும்ப நிறுத்தேன். அந்த இலை அன்று பகல் முழுவதும் சமைத்ததை அன்றே தின்று தீர்த்திருக்கிறது. கருகல் ஒரு பொட்டுகூட இல்லை. சாகவில்லை, வளரவும் இல்லை.

ஒரு நாள் நிறுத்ததை யாரும் முடிவாக ஏற்க மாட்டார்கள். அவளே ஏற்றிருக்க மாட்டாள். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மூன்று வலைக் கன்று ஒன்றும் அதன் வலையும் என் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன. மழைநீரால் இலையைத் துடைக்கிறேன். அதற்கு மேல் செடி வளர்க்க எனக்குத் தெரியாது. எத்தனை நாள் இருக்குமோ, அதுவும் தெரியாது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று. அந்தக் கடைசிக் கூடை வந்த புதிதில், வாடி நின்ற ஒரு கன்றைக் காட்டி, இது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உசுரோட கீது. அவ்ளோதான்," என்றாள். இப்போது கல்லூரியில் எல்லோரும் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு அவள் பாஷை பேச வராது. ஆனாலும் அதையேதான் சொல்கிறேன்.