சிரிப்புக்கு ஒரு சொல்

புக்கிட் பெலிம்பிங் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் என் மேசைக்கே வந்து உட்காரும் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலைக் காவலாளியை நான் நம்பியதே இல்லை. பெரிய மீசை, வெளுத்த சீருடை, சட்டைப்பையில் நான்காக மடித்த தாள். நான் உள்ளூர் இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து, தினமும் ஏதாவது ஒரு சொல்லுக்கு எதுகை கேட்பார். எழுதியதும் தாளைக் கையால் மறைத்துக்கொள்வார். போட்டிக் குழு அனுப்பிய ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு காலை, "சார், சிரிப்புக்குச் சேர்ற மாதிரி ஒரு சொல்லு குடுங்க லா" என்றார்.

"யாரோட பாட்டுக்கு?"

"பாட்டெல்லாம் இல்ல சார். சும்மாதான்."

'நெருப்பு' என் நாக்கு நுனியில் நின்றது. அதை எனக்கென்று வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்து, "பருப்பு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு, தமிழ் நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தில் ஓர் அம்மாளின் படம். கீழே, கணவர் என்று அந்தக் காவலாளியின் பெயர். நடுவே இரண்டு வரிகள்:

"கண்ணை விட்டுப் போகவில்லை உன் சிரிப்பு,
எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை நீ கடைந்த பருப்பு."

என் 'நெருப்பு' இன்னும் நோட்டில் தனியாகக் கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.