அம்மா மூட்டிய அடுப்பும் மாமா கொண்டுவந்த கோடியும்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகத் தாராவிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் மகளின் வணக்கம். அம்மா யார் மீதும் மனக்குறை இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதும்படி சில பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா அப்படிப் போகவில்லை. நானும் அவர்கள் வயிற்றில் பிறந்தவள்தான்.

அம்மா திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கல்யாணமான கையோடு அப்பாவுடன் இங்கே வந்தார்கள். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார்கள். அதன்பின் அம்மா இட்லி அவித்து விற்றார்கள். அந்த வருமானத்தில் என்னை வளர்த்ததோடு, ஊரிலிருந்த ஒரே தம்பியையும் வரவழைத்துப் படிக்க வைத்தார்கள். அந்தத் தம்பிதான் என் மாமா. படித்து, பெரிய ஆபீஸில் சேர்ந்து, செம்பூரில் ஃபிளாட் வாங்கிப் போனார்கள். மாமாவின் சாமர்த்தியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருப் பொங்கல் இன்று பெயர் பெற்றது. அப்பா இருந்த காலத்தில் அது கிடையாது. கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறை வீட்டுக்குள் விறகு மூட்டினால் புகை பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டை வரும் என்று, எல்லோரும் ஸ்டவ்வில் பேருக்குப் பொங்கி முடித்தார்கள். ஒரு பொங்கலன்று அம்மா செங்கல்லைத் தூக்கிவந்து நடுத்தெருவில் அடுப்புக் கூட்டினார்கள். போலீஸ்காரர் வந்து லத்தியால் பானையைத் தட்டினார். பால் பொங்கும்வரை நிற்கும்படி அம்மா அரைகுறை இந்தியில் கேட்டார்கள். அவர் நின்றார், இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மறு வருடம் தெரு முழுக்க அடுப்பு எரிந்தது. அப்போது மாமா மும்பைக்கே வந்திருக்கவில்லை.

நகரத்தின் வட்டார வரலாறுகளை அரசு செலவில் பதிவு செய்யும் வானொலித் தொடருக்காக ஆட்கள் வந்தபோது, அம்மா பேசுவதை இந்தியில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் இருக்கிறேன் என்றேன். அம்மா ஒப்பவில்லை. "பொறந்த வீட்டு ஆம்பள பக்கத்துல இருந்து பேசுனாத்தாம்ட்டி எனக்கு மதிப்பு" என்று சொல்லி மாமாவை வரவழைத்தார்கள். நான் வேலைக்குப் போய்விட்டேன். அம்மா ஏமாந்தது அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

ஒலிபரப்பான அன்று அம்மா நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்தார்கள். செல்போனை ஸ்பீக்கரோடு இணைத்துத் தெருவே சுற்றி நின்றது. மாமாவின் குரல்தான் வந்தது. தெருவில் முதல் கல்லை வைத்தது தாம்தான் என்றும், அக்கா விறகு எடுத்துக் கொடுத்ததாகவும் அழகான இந்தியில் சொன்னார்கள். பதிவன்று அம்மாவின் அரைகுறை இந்திக்கு எட்டாததை இப்போது பக்கத்தில் நின்றவர்கள் தமிழில் சொன்னார்கள். அம்மாவின் குரல் கடைசிவரை வரவில்லை. அதைக் கேட்டு ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள் நேரே செம்பூருக்குப் போனார்கள். மாமா பால்கனியில் கேஸ் அடுப்பில் பொங்குவதைப் படம் பிடித்தார்கள். அதற்காக மாட்டுங்காவில் நடந்த ஒரு விழாவில் மாமாவுக்குப் பொன்னாடையும் கிடைத்தது.

வானொலி நிலையத்தார்தான் அம்மாவின் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்ல மாமா வந்தபோது, அம்மா இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"ஏல, வெட்டுனது அவியளாவே இருக்கட்டும். கல்ல வச்சது நான்னு சொன்னது ஒன் வாயிதான?"

அம்மா அதன்பின் செம்பூர்ப் பக்கமே போகவில்லை. மக்கள் பணத்தில் பதிந்ததை மக்கள் கேட்கக் கூடாதா என்று நான் வானொலி நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். வெட்டாத முழு ஒலிப்பதிவு கிடைப்பதற்குள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார்கள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று அதைத்தான் விசாரித்தார்கள். இன்னும் வரவில்லை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் கோடி கொண்டாருவான். நாலு பேரு முன்னால வேண்டாம்னு சொல்லாத, வாங்கிக்கோ. ஆனா ஏம் மேல போட்டுராத."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் இறந்த பெண்ணை அனுப்புவது நம்மில் வழக்கமில்லை. அனுப்பினால் அவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று பொருள். மாமா மயில்நீலப் பட்டு கொண்டுவந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மாவை என் சேலை ஒன்றைப் போர்த்தித்தான் அனுப்பினேன். ஏன் என்று அன்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தூக்கிச் சுமந்த தெருப்பிள்ளைகளுக்கும், வாசலில் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சமைத்துப்போட்ட பெண்களுக்கும் என் நன்றி. தேடி எடுத்து முழு ஒலிப்பதிவைக் கொடுத்த வானொலி நிலைய அம்மையாருக்குத் தனியாக நன்றி. இன்று சாப்பாடு முடிந்ததும் அதைத் தெருவில் போடுகிறோம். அதில் அம்மா தமிழில் சொன்னதும் இருக்கிறது. உடனே மாமா இந்தியில் மாற்றிச் சொன்னதும் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாததால் இந்த மலரைப் புரட்டிப் படம் மட்டும் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எல்லாம் விளங்கும்.

மாமாவுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம். எதிரே, ஸ்பீக்கர் வைத்த மேசைமேல் விரித்திருப்பது அவர்கள் கொண்டுவந்த கோடிதான்.